சுடலைவாளின் ஓட்டு

அந்த நாற்றம் மாசானத்துக்குப் பழகவே இல்லை. இருபத்திரண்டு மாதங்களாகியும் பழகவில்லை. ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தக் கம்பெனியில் காருக்கு ரேடியேட்டர் செய்தார்கள். தகடும் குழாயுமாக அடுக்கிக் கட்டி வருகிற அலுமினியக் கூடுகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். அவற்றை மருந்து கலந்த வெந்நீர்த் தொட்டியில் முக்கி எடுப்பதுதான் அவன் வேலை. லைனில் அதற்கு வாஷ் என்று பெயர். கையுறை போட்டாலும் நாற்றம் நகக்கண்ணில் ஏறிக்கொள்ளும். கேன்டீனில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்தால் சோறும் சேர்ந்து நாறும்.

அவனுக்கு நாறுவது போதாதென்று ஊருக்கும் நாறியது. அவன் தட்டோடு வந்து உட்கார்ந்தால் அந்த மேசையில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி போய் வேறு மேசையில் உட்கார்ந்துகொள்வார்கள். மூஞ்சிக்கு நேரே சொன்னால்கூடப் பரவாயில்லை, இந்த நாகரிகம்தான் அவனுக்குத் தாங்கவில்லை. ஓட்டை பார்க்கிற லீக் டெஸ்டில் நிற்கிற சந்தனமாரி மட்டும் ஒரு நாளும் தட்டை நகர்த்தியதில்லை. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், குன்றத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாள். "எங்க ஊரு மீன் சந்தைய நீங்க பாத்ததில்லயே அண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

லைன் தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே வேலைகளின் பெயர், கட்டத்துக்கு ஒரு வட்டம். வட்டத்தை நாலு கால் பாகமாகப் பிரித்திருந்தார்கள். ஆள் வேலை கற்கத் தொடங்கினால் ஒரு கால் பாகத்தை மார்க்கரால் கறுப்பாக்குவார்கள். துணைக்கு ஆள் நின்றால் செய்வான் என்றால் இரண்டு, தனியாகச் செய்வான் என்றால் மூன்று. பிறருக்குக் கற்றுக்கொடுக்கவும் தெரிந்தால்தான் நாலாவது. இரண்டு முழு வட்டம் இருக்கிற டிரெயினியின் பெயர்தான் மே மாதம் பெர்மனென்ட் லிஸ்டுக்குப் போகும். மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். மாசானத்துக்கு வாஷில் ஒரு முழு வட்டம், மீதி எல்லாம் வெள்ளை.

வேறு வேலைக்கு மாற்றிவிடச் சொல்லி சூப்பர்வைசர் தாவீதிடம் அவன் கேட்காத மாதம் இல்லை. தாவீது சேரப்பணஞ்சேரிக்காரர். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தொட்டிக்கு நாலடி தள்ளி நின்று பதில் சொல்வார்.

"உன்ன மாத்திட்டா இங்க யார்பா நிப்பாங்க? நல்லா பண்ணிகினு கீற. அப்பிடியே பண்ணு, பாத்துக்கலாம்."

நன்றாகச் செய்வதற்குத் தண்டனை அதையே செய்துகொண்டிருப்பது. மாசானம் தொட்டியைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லிக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் வேறு ஆள். படப்பையில் ஒரு மாடியில் இருந்தது சத்யப்பிரியா பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து 'ஏழு கோட்டை' விளையாட்டைத் திறந்தால் அவன் பெயர் சுடலைவாள். வாள்வீரன், எண்பதாவது லெவல், பதினோரு பேர் கொண்ட கூட்டத்துக்குத் தலைவன். அறைத்தோழன் மகாராஜா அந்தக் கூட்டத்தில் இரண்டாவது ஆள், எப்போதும் பக்கத்துத் தடுப்பில் இருப்பான்.

அந்த விளையாட்டில் நுழையும்போதே வாள்வீரனா, வில்லாளியா, வைத்தியனா, சுமைகாரனா என்று ஒரு ஜாதி எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தது எடுத்ததுதான், கடைசிவரை மாற முடியாது. சுமைகாரனுக்கு ஆரம்பத்திலேயே பெரிய பை கிடைக்கும் என்பதால் விவரம் தெரியாதவர்கள் அதில் போய் விழுவார்கள். பிறகு ஆயுளுக்கும் பிறர் சண்டை போட, இவர்கள் மருந்துக் குப்பி சுமந்துகொண்டு பின்னால் ஓட வேண்டும். 2005 பிப்ரவரியில் நடத்துகிறவர்கள் ஒரு அறிவிப்புப் போட்டார்கள். நாற்பதாவது லெவலுக்கு வந்தவர்கள் லெவல் குறையாமல் வேறு ஜாதிக்கு மாறிக்கொள்ள விடலாமா? பத்தொன்பது கூட்டங்கள், கூட்டத்துக்கு ஒரு ஓட்டு, தலைவன் போட வேண்டும். யார் எதற்குப் போட்டார்கள் என்று வெளியே தெரியாது.

அரட்டைப் பக்கம் பற்றி எரிந்தது. மாற விட வேண்டும் என்ற கட்சிக்கு 'கருவாடு' என்ற பெயரில் ஒரு சுமைகாரன் வாதாடினான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாலும் படிக்கிறவர்களைக் கட்டிப் போடுகிற எழுத்து. "தெரியாமல் ஒரு மூட்டையைத் தூக்கிவிட்டவன் சாகிற வரைக்கும் அதையே தூக்க வேண்டுமா? இன்னொரு வேலை கற்றுக்கொள்ள அவனுக்கு ஒரு வாய்ப்புத் தராதவன் மனுஷனா?" என்று எழுதியிருந்தான். கீழே ஐம்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

மாசானத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றரை வருஷம், ஞாயிறு தவறாமல், காட்டுப்பன்றிகளைக் கொன்று கொன்று எண்பதுக்கு வந்தவன் அவன். நேற்று வரை குப்பி சுமந்தவன் நாளைக்கு வாளைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பானா? அவனும் எழுதினான். "எல்லாரும் எல்லாம் ஆகலாம் என்றால் கஷ்டப்பட்டவனுக்கு என்ன மரியாதை? சுமைகாரன் சுமைகாரனாகவே இருக்கட்டும். வேண்டுமானால் அவனுக்கு ஒரு வட்டம் கொடுங்கள். கற்கிறான், துணையோடு செய்கிறான், தனியாகச் செய்கிறான், கற்றுக்கொடுக்கிறான் என்று நாலு கால் பாகம். எடுத்த வேலையில் வட்டத்தை நிரப்பட்டும், அதுவே அவனுக்குப் பெருமை." எழுதி முடித்து, படித்துப் பார்த்து, தன் அறிவை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டான். தன்னை இருபத்திரண்டு மாதம் தொட்டியில் கட்டிப் போட்ட பலகையையே எடுத்துப் போய் இன்னொருவன் தலையில் மாட்டுகிறோம் என்பது அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்டில் தாவீது தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மூக்கில் கைக்குட்டை இல்லை.

"சுடலைவாள் நீதான?"

மாசானம் கையிலிருந்த கூட்டைத் தொட்டிக்குள் நழுவ விட்டான்.

"நம்ம போர்டுல கீற வட்டத்த அப்பிடியே எழுதி வெச்சிக்கீற. சுடலைன்னாலும் மாசானம்னாலும் ஒண்ணுதான, நம்ம லைன்ல வேற யாரு? நான்தான்பா கருவாடு."

மாசானம் அவர் கையைப் பார்த்தான். மூட்டையைப் பற்றி எழுதிய கையா இது? வாய்ப்புத் தராதவன் மனுஷனா என்று கேட்ட ஆளா இது? மாதா மாதம் நாலடி தள்ளி நின்று பாத்துக்கலாம் என்று சொன்ன அதே ஆள், பிளைவுட் தடுப்புக்குள் போனதும் ஏழைபாழைகளுக்காகக் கண்ணீர் விட்டிருக்கிறார். தொட்டி நாற்றம் எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

"அப்ப அங்க எழுதினதெல்லாம் என்ன சார்? என்னைய மட்டும் ஏன் சார் மாத்த மாட்டேங்கிய?"

"யோவ், அது கேமு. இது புரொடக்சன்." தாவீது குரலைத் தாழ்த்தினார். "நீ இன்னாத்துக்கு மாறக்கூடாதுன்னு எழுதின, அத சொல்லு மொதல்ல. வுடு. எல்லா தலைவனையும் கேட்டுப் பாத்துட்டேன், ஒம்போது ஓட்டு நம்ம பக்கம் கீது, ஒம்போது அந்தப் பக்கம். உன்னுது ஒண்ணுதான் பாக்கி. மூணு வருசமா குப்பி தூக்கறேன்பா, ஒருவாட்டி வாள் எடுத்துப் பாக்கணும். ஞாயித்துக்கெயம நீ போடு, திங்கக்கெயம லீக் டெஸ்டுல உனக்கு முழு வட்டம்."

"எனக்கு லீக் டெஸ்ட் தெரியாதே சார்."

"வட்டத்துக்கு இன்னா தெரியும்? மார்க்கர் வெச்சா கறுப்பாயிட்டு போவுது."

"சந்தனமாரி அங்க எட்டு மாசமா நிக்காளே? அவளுக்கு மூணு கால் இருக்குல்லா?"

"ஒரு ஸ்டேசனுக்கு ஒரு ஆள்தான் லிஸ்டுக்கு. அது நீயா அந்தப் பொண்ணான்னு நீயே சொல்லு."

மாசானம் தொட்டிக்குள் விழுந்த கூட்டைக் கொக்கியால் தேடி எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சென்டரில் கூட்டத்து ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மகாராஜா தடுப்புக்கு மேலே தலையை நீட்டினான்.

"எல, போட்டு வுடு. ஒரு சொமைகாரப் பயலும் நம்ம பக்கத்துல வரப்புடாது."

திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. மாசானம் மே மாதம் பஸ் ஏறுவதை நினைத்தான். தொட்டியை நினைத்தான். சந்தனமாரியை நினைக்காமல் இருக்கப் பார்த்தான், அதற்குள் அவளே வந்து எதிரில் தட்டோடு உட்கார்ந்தாள். மாறலாம் என்ற பொத்தானை அழுத்தினான்.

"என்னல, போட்டாச்சா?"

"ஆச்சு. மாறக்கூடாதுன்னுதாம்ல போட்டேன்."

ஐந்து மணிக்கு முடிவு வந்தது, பத்துக்கு ஒன்பது. எந்தத் தாயோளி மாற்றிப் போட்டான் என்று மகாராஜா கத்தினான். மாசானமும் கூடச் சேர்ந்து கத்தினான், கொஞ்சம் பலமாகவே. ஐந்து நிமிஷத்தில் கருவாடு வாளோடு கோட்டை வாசலில் வந்து நின்று, சுடலைவாளைப் பார்த்துக் குனிந்து வணக்கம் வைத்தது. மாசானத்துக்கு வாயில் எச்சில் ஊறிப் புளித்தது. இறங்கிப் போய் ரோட்டோரம் துப்பிவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை காலையில் பலகையில் அவன் பெயருக்கு நேரே இரண்டாவது வட்டம் கறுத்திருந்தது. தாவீது சொன்ன சொல் தவறவில்லை. ஆளையும் லீக் டெஸ்டுக்கே மாற்றிவிட்டார். வாஷுக்கு ஒரு ஆள் வேண்டுமல்லவா, சந்தனமாரியை அங்கே அனுப்பிவிட்டார். இதை வெள்ளிக்கிழமையே யோசித்திருக்கலாம். யோசிக்காமல் இருக்க மாசானம் பாடுபட்டிருந்தான்.

சந்தனமாரி பலகையைப் பார்த்தாள். பிறகு லீக் டெஸ்ட் தொட்டிக்கு வந்தாள். இது சுத்தமான தண்ணீர்த் தொட்டி. கூட்டுக்குள் காற்றை ஏற்றித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

"எப்பண்ணே கத்துக்கிட்டீய?"

அவன் வந்திருந்த கூடுகளை நேராக அடுக்கினான்.

"நாலாவது காலுன்னா கத்துக்குடுக்கத் தெரிஞ்ச ஆளுன்னு அர்த்தம். கத்துக்குடுங்க, பாப்போம்."

கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் ஒரு கூட்டை மாட்டி முக்கினான். தகடுகளுக்கு நடுவே நூறு குமிழிகள் மினுமினுத்தன. எது ஓட்டை, எது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிற காற்று என்று ஒரு எழவும் தெரியவில்லை. பின்னால் கூடுகள் சேர்ந்தன. தாமதம் என்று காட்டுகிற மஞ்சள் விளக்கு லைனுக்கு மேலே எரிந்தது.

"தெரியல" என்றான்.

அவனைக் காறித் துப்பியிருக்கலாம். பலகைக்கு முன்னால் நின்று சத்தம் போட்டிருக்கலாம். அவள் கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

"தட்டிப் பாருங்க. ஒட்டிக்கிட்டிருக்கது போயிரும், திரும்ப வராது. ஓட்டைன்னா அதே எடத்துலருந்து மறுபடி வரும். அவசரப்பட்டு விட்ராதீய. எவனாவது புள்ளகுட்டியோட கார்ல போவான், நடுவழியில நின்னுரும்." பத்துக் கூடுகள் கூட நின்று பார்த்தாள். பதினோராவதை அவன் சரியாகச் சொன்னதும், தொங்கிக்கொண்டிருந்த அவன் பழைய ரப்பர் கையுறையை எடுத்துக்கொண்டு வாஷுக்குப் போனாள்.

பலகைக்குப் பக்கத்தில் அழிக்கிற துணி ஆணியில்தான் தொங்கியது. டீக்குப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை அதைத் தாண்டினான். ஒரு கால் பாகத்தை அழித்தால் போதும். அழிக்கவில்லை. இருபத்திரண்டு மாதம் கிடந்தவனுக்கு இதுகூடக் கிடையாதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். கஷ்டப்பட்டவனுக்கு என்ன மரியாதை என்று எழுதியவன் வேறு என்ன கேட்பான்?

மத்தியானம் கேன்டீனில் இடம் பார்த்து உட்கார்ந்தான். இன்று அவன் மேசையிலிருந்து யாரும் எழுந்து போகவில்லை. பக்கத்தில் இருந்தவன் அப்பளத்தை உடைத்துப் பாதியை அவன் தட்டில் வைத்தான். நகக்கண் சுத்தமாக இருந்தது, சாம்பார் சாம்பாராகவே மணத்தது. வாய் நிறைய ஒரு கவளம் உருட்டினான்.

சந்தனமாரி தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளோடு அதுவும் வந்தது. அவள் சோற்றைப் பிசையப் பிசைய அந்த நாற்றம் மேசை முழுக்கப் பரவியது. பக்கத்து ஆள் அப்பளத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனான். அடுத்தவனும் போனான்.

மாசானம் ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. அவன் தண்ணீர் பிடிக்கப் போகிறவன் மாதிரி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, அடுத்த மேசையில் போய் உட்கார்ந்துகொண்டான்.