மூன்றடித் தூரம்

இஷ்பெலும் நானும் பத்தொன்பது வருடம் ஒரே பந்தை அடித்தவர்கள். எங்கள் ஊர் கோல்ஃப் கிளப்பில் ஜோடி ஆட்டம் என்றால் அப்படித்தான். இரண்டு பேருக்கும் ஒரே பந்து. அவள் ஒரு அடி, நான் ஒரு அடி. அவள் முட்புதருக்குள் தள்ளிவிட்டால் நான்தான் முள்ளுக்குள் நின்று அதை வெளியே அடிக்க வேண்டும். குடும்பம் நடத்தக்கூட இவ்வளவு பொறுமை வேண்டியதில்லை என்பான் அவள் புருஷன் டோட்.

அவளுக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. புதன்கிழமை காலை முழுக்க நடந்துவிட்டு, மதியம் வந்து பதினெட்டுக் குழியும் ஆடுவாள். பெண்கள் பட்டத்தை ஐந்து முறை வென்றவள். குழிக்கு மூன்றடியில் அவள் பந்து கிடந்தால் எதிராளிகள் அடிக்கவே சொல்லமாட்டார்கள். "எடுத்துக்கோ இஷ்பெல்" என்று விட்டுக்கொடுத்துவிடுவார்கள். எப்படியும் விழத்தான் போகிறது.

போன ஏப்ரலில் அந்தத் திறமை போய்விட்டது. ஒரு காரணமும் இல்லை. சாதாரணப் புதன்கிழமை, நாலாம் குழி, இரண்டடித் தூரம். மட்டையைப் பின்னால் எடுத்தாள். பந்தைத் தொடப்போகும் நேரத்தில் வலது கை வெடுக்கென்று இழுத்தது. பந்து குழியைத் தாண்டி ஐந்தடி ஓடி நின்றது.

"என்னடி, பூச்சி கடிச்சிருச்சா?" என்றேன்.

சிரித்தாள். அன்றைக்கே இன்னும் நாலு தடவை இழுத்தது.

டாக்டரிடம் போனாள். தபால் போடும்போது இழுக்கிறதா என்று கேட்டாராம். இல்லை. டீ ஊற்றும்போது? இல்லை. "அப்போ கோல்ஃபை விட்டுடுங்க" என்றாராம். கைகளை மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். நெஞ்சுவரை வரும் நீள மட்டை ஒன்று வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். வீட்டுக் கம்பளத்தில் நூற்றுக்கு நூறும் டம்ளருக்குள் போகும், டோட் சாட்சி. புல்லில் ஒன்றுகூடப் போகாது. அவள் ஹேண்டிகேப் ஏழிலிருந்து பதின்மூன்றுக்கு ஏறியது. கோல்ஃபில் அந்த எண் ஏறினால் ஆள் இறங்குகிறாள் என்று அர்த்தம்.

முதல் குழிப் பக்கத்துக் குடிலில் உட்கார்ந்து எங்களை வரிசையாக அனுப்புகிற கிழவர் டேவி சும்மா இருக்கமாட்டார்.

"இஷ்பெல், என் கடுதாசி பக்கத்து வீட்டுக்குப் போயிருச்சு. அதையும் நீதான் தட்டிவிட்டியாம்மா?"

"உங்க கதவுல தபால் போடுற ஓட்டை ரொம்பச் சின்னது டேவி. எனக்கு இப்போ வாளி அளவுக்கு இருந்தாத்தான் ஆகும்."

ஜூலையில் அவர் கேலியை நிறுத்திவிட்டார். அவள் வந்தால் தொப்பியைத் தொட்டு, "நல்ல வெயில்" என்பார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இந்த வியாதி பார்க்கிறவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அவள் குனிந்தால் நான் திரும்பிக் கடலைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் அணித்தலைவி வில்மா கூப்பிட்டாள். பக்கத்து ஊருடன் வருஷா வருஷம் நடக்கும் போட்டி மூன்று வாரத்தில் வருகிறது.

"எஃபி, இந்தத் தடவை லோர்னாகூட ஆடுறியா? இஷ்பெல் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்."

"அவகிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். நீ சரின்னா போதும்."

சரி என்றேன். ஒரு மூச்சு விடும் நேரம்கூட யோசிக்கவில்லை. அந்த வேகம்தான் இன்றுவரை உறுத்துகிறது.

மறுநாள் காலை தபால் பையோடு என் வாசலில் நின்றாள்.

"வில்மா சொன்னா."

"இஷ்பெல், நான் வந்து..."

"லோர்னா நல்லா அடிப்பா. காத்து அடிச்சா அவசரப்படுவா, அத மட்டும் பாத்துக்கோ." இரண்டு விளம்பரத் தாள்களை என் கையில் கொடுத்தாள். "மே மாசமே சொல்லியிருக்கலாம்டி. ஒவ்வொரு தடவையும் கடலைப் பாத்துக்கிட்டு நின்னியே. கழுத்து வலிச்சிருக்கும் உனக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

போட்டியில் ஜெயித்தோம். பதினேழாம் குழியிலேயே ஆட்டம் முடிந்தது. லோர்னா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். உள்ளே வந்தால், சாப்பாடு பரிமாறும் முறை அன்று இஷ்பெலுடையது. எல்லோருக்கும் பருப்பு சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். என் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"நீ நல்லா ஆடினதா சொன்னாங்க" என்றாள்.

அக்டோபரில் நானே அவள் வீட்டுக்குப் போனேன். நாம் இரண்டு பேர் மட்டும், எண்ணிக்கை வேண்டாம், சும்மா நடந்துவிட்டு வரலாம் என்றேன். டோட் அவளைப் பார்த்தான். கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

இந்தத் தடவை நான் திரும்பவில்லை. அவள் ஒவ்வொரு முறை குனியும்போதும் பக்கத்தில் நின்று கையையே பார்த்தேன். முதல் குழியில் இழுத்தது. அடுத்த மூன்றிலும் இழுத்தது. ஐந்தாவதில் ஒன்று விழுந்தது. பயத்தில் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆறாவதில் ஒன்றரை அடிதான் இருக்கும். கை துள்ளியதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். வேறு யாரோ அவள் முழங்கையைத் தட்டிவிட்டது மாதிரி இருந்தது. பந்து சரிவில் உருண்டு மணல் பள்ளத்தில் போய் விழுந்தது.

"நீ பாக்கிறதும் உதவல" என்றாள். கோபமில்லை.

"நான் வேற என்னடி பண்ணட்டும்?"

"என்ன பண்ணுவே? உன் கையைக் கழட்டிக் குடுப்பியா?"

மட்டையைப் பையில் செருகினாள். பந்தை எடுக்கப் போகவில்லை. வேலிக்கதவைத் திறந்து ரோட்டில் இறங்கி வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் குழி ஓரத்திலேயே நின்றேன். பின்னால் வந்த ஆண்கள் நகரச் சொல்லிக் கத்தும்வரை நின்றேன்.

ஜனவரியில் ஒட்டிய உறுப்பினர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. புதன்கிழமை மதியங்களில் தேவாலயக் கூடத்தில் பாடும் குழுவில் சேர்ந்திருக்கிறாள் என்று டோட் சொன்னான். போன வாரம் ரொட்டிக்கடை வரிசையில் என் முன்னால் நின்றாள்.

"பாட்டு பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல." கொஞ்ச நேரம் கண்ணாடிக்குள் இருந்த ரொட்டிகளைப் பார்த்தாள். "ஆனா நாப்பது பேர் பாடுறாங்க. நான் தப்பாப் பாடினா யாருக்கும் கேக்கறதில்ல."

அவள் முறை வந்தது. இறைச்சி அடைத்த ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.