உட்காரத் தோதான சுவர்

கோபம் வந்தால் சிலர் சோற்றை விடுவார்கள், சிலர் பேச்சை விடுவார்கள். இந்த மாமனார் விட்டது நாற்காலியை. அதிலும் அவர் நாற்காலிக் கடை வைத்திருப்பவர். தன்னைக் கேட்காமல் மகள் ஒரு சலூன்காரனைக் கட்டிக்கொண்ட அன்றே, அந்த வீட்டு நாற்காலியில் தன் உடம்பு படாது என்று சபதம் போட்டுவிட்டார்.

பேத்தி பிறந்ததும் மனசு கேட்கவில்லை. ஞாயிறு தவறாமல் வந்தார். ஆனால் சபதம் சபதம்தானே? பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே இருப்பார். முழங்கால் வலியில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பார்த்துவிட்டு, சீக்கிரமே கிளம்பிவிடுவார். மருமகன் எதிரிலேயே நின்றாலும் அவனுக்குச் சொல்லவேண்டியதை மகளிடம்தான் சொல்வார். அவர் தலை மறைந்ததும் மனைவி, "ஒரு தடவை அப்பா உக்காந்து ஒரு வாய் காபி குடிச்சா போதும்ங்க" என்பாள். 

ஒருநாள் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது அவனுக்குப் பொறி தட்டியது. சபதம் நாற்காலிக்குத்தான், சுவருக்கு இல்லையே! கத்தரிக்கோல் பாதியில் நின்றுவிட, வந்தவர் கண்ணாடியில் தன் தலையைக் கவலையோடு பார்த்துக்கொண்டார்.

கான்கிரீட் கற்கள் வண்டியில் வந்து இறங்கின. ஒவ்வொரு கல்லுக்கும் மேலே குமிழ்கள், அடியில் குழிகள். கீழ்க் கல்லின் குமிழ் மேல் கல்லின் குழிக்குள் கச்சிதமாக உட்காரும். சிமெண்டும் வேண்டாம், கொத்தனாரும் வேண்டாம். கடைசி வரிசைக்கு மேலே பதிக்க வழவழப்பான மூடுகல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். நம் தலையில் எதையோ கட்டப் பார்க்கிறார் என்று இவன் ஒரே பிடியாக வேண்டாம் என்றுவிட்டான்.

கொல்லைப்புறத்தில் மண்ணைச் சமன்செய்து, நூல் பிடித்து, மாமனாரின் முழங்கால் உயரத்துக்குச் சுவரை எழுப்பினான். இடித்துப் பார்த்தான், உதைத்துப் பார்த்தான், அசையவில்லை. பெருமையோடு அதன்மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான். மேல் வரிசைக் குமிழ்கள் ஒன்று பாக்கியில்லாமல் வானம் பார்த்து நின்றன.

போர்வையை நான்காக மடித்துப் போடலாம் என்றாள் மனைவி. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. போர்வை விரித்தால் அது ஆசனம் ஆகிவிடும், வெறுமனே விட்டால்தான் சுவர். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூடுகல் வாங்கவும் நேரமில்லை. விடிந்தால் ஞாயிறு.

மாமனார் வந்தார். பேத்தியோடு கொல்லைப்பக்கம் போனவர், இது என்ன என்று மகளைக் கேட்டார். செடிக்குக் காற்று அடிக்காமல் இருக்க ஒரு சுவர் என்று அவள் கூசாமல் புளுகினாள். அங்கே செடியே இல்லை. அவர் சுவரின் உயரத்தைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார். ஆயுசு பூராவும் இருக்கை விற்றவருக்குத் தெரியாதா? இருந்தும் கால் கெஞ்சியது. சுவர்தானே என்று முனகிக்கொண்டு உட்கார்ந்தார். மகள் காபி கலக்க உள்ளே போனாள்.

அவர் முகம் போன போக்கைக் கதவோரம் நின்ற மருமகன் பார்த்தான். எல்லாம் போச்சு, இனி இந்த வீட்டுப் படியே மிதிக்கமாட்டார் என்று நினைத்தான். மாமனார் இப்படி நகர்ந்தார், அப்படி நகர்ந்தார். எங்கே நகர்ந்தாலும் ஒரு குமிழ் காத்திருந்தது. எழுந்து போய்விடலாம் என்றால், பேத்தி அவர் தோளில் அயர்ந்து தூங்கிவிட்டது. எழுந்தால் கண் விழித்துவிடும். விழித்தால் ஊரையே கூட்டும். நின்றுகொண்டே வைத்திருக்கவும் கால் இடம் தராது.

பல்லைக் கடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் தாங்குவார், பாவம். கடைசியில் மகளைக் கூப்பிடாமல் கதவோரம் பார்த்துச் சொன்னார்: "மாப்பிள்ளை, உள்ளே நாற்காலி இருந்தா ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

அவன் உள்ளே ஓடினான். இருந்ததிலேயே நல்ல நாற்காலியைத் தூக்கினான். காபி கலந்துகொண்டிருந்த மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழந்தை விழிக்காமல் மாமனார் மெல்ல நாற்காலிக்கு மாறினார். காலை நீட்டிக்கொண்டார். ஒரு வாய் காபி குடித்தார். பிறகு நாற்காலியின் கையைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"எவன் இதை உங்க தலையில கட்டினான்?"

அந்த நாற்காலியின் மரம் சரியில்லை, சாய்மானம் சரியில்லை, கால் ஒன்று குட்டை என்று இருட்டும்வரை அவர் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தனையையும் மருமகனிடமே நேராகச் சொன்னார்.