எழுபத்திரண்டாம் எண் சல்லடை

அந்த வகுப்புப் படம் எடுத்த அன்று மழை பெய்ததா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. பெய்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். சூளைக் கொட்டகைக்குப் பின்னால் மண் சேறாக இருந்ததும், வகுப்பில் இருந்த நாங்கள் இரண்டு பெண்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததும் ஞாபகத்தில் இருக்கின்றன. அது வேறொரு நாளாகவும் இருக்கலாம். விருத்தகிரி கடைசி வரிசையில் நின்றான் என்பது மட்டும் நிச்சயம். அவன் எங்கேயும் கடைசியில்தான் நிற்பான். அவன் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. முகம்தான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்வரை எவ்வளவு யோசித்தும் கூடி வரவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் டிப்ளமா படித்த எங்கள் வகுப்பு பிரிந்து முப்பது ஆண்டு ஆனதற்கு ஒரு நினைவு மலர் போடலாம் என்று பழமலைநாதன் சொன்னான். அச்சடிக்க வேண்டாம், பிடிஎஃப் போதும், எல்லாரும் போனில் பார்த்துக்கொள்வார்கள் என்றான். நான் புத்தகம் படிக்கிறவள் என்ற ஒரே காரணத்துக்காகத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்தது. வகுப்புப் படம், விடுப்பில் ஊருக்கு வந்திருந்த வகுப்புத் தோழன் நல்லமுத்துவிடம் மட்டும் இருந்தது. மஸ்கட் திரும்புவதற்கு முன் அதை ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டுப் போனான்.

அந்தப் படத்துக்காகக் காத்திருந்தவள் கயல்விழி, விருத்தகிரியின் மகள். அவன் இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது. கம்மாபுரம் பக்கத்தில் அவர்கள் வீட்டை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டபோது, சாமான் மாற்றிய டிராக்டரில் போட்டோப் பெட்டி நனைந்து எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மிஞ்சியது மாலை போட்ட ஒரு படம். ஸ்டுடியோக்காரர் அதில் அவனுக்குக் கோட்டு மாட்டி, மீசையை வரைந்து, கன்னத்தை வழவழவென்று ஆக்கியிருந்தார்.

"அம்மாவே சொல்லுது அத்த, அது ஒங்கப்பா இல்ல, யாரோ கட்சிக்காரருன்னு" என்றாள் கயல். "நெஜ மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டா போதும்."

மலர் முடிந்ததும் பழமலையின் பட்டறைக்குப் போனேன். வீட்டு மெயின் போர்டில் மாட்டும் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிறான். அலுவலக அறையில் கீபோர்டு மேலும் வெள்ளைத் தூசி. பிடிஎஃப் ஆக மாற்றும்போது திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து, படங்களுக்கு எந்த எண் என்று கேட்டது: 72, 150, 300.

"ஏம்மா அன்பு, இது என்ன, மெஷ்ஷு நம்பரா?"

"ஒரு அங்குலத்துக்கு எத்தனைன்னு போட்டிருக்குது."

"அப்ப மெஷ்ஷுதான்."

களிமண் குழம்பைச் சல்லடையில் ஊற்றித்தான் நாங்கள் தொழில் படித்தோம். சல்லடைக்கு எண் உண்டு, மெஷ் என்போம். ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதுதான் அந்த எண். எண் கூடக் கூடக் கண் சிறுத்துவிடும். நைசானது மட்டும் கீழே இறங்கும்.

"முந்நூறு வச்சா பொடிக் கண்ணு, பாதி மேலயே நின்னுக்கும்" என்றான் பழமலை. "எழுபத்திரண்டு வை. எல்லாம் எறங்கிடும்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. கோப்பு ஆறு எம்பிதான் வந்தது.

"பாத்தியா, எல்லாம் உள்ள எறங்கியும் சைஸு கம்மி. நமக்கு அரியர் வச்ச வாத்தியாரு எங்க இருக்காரோ, வந்து பாக்கச் சொல்லு."

எல்லாருக்கும் அனுப்பினோம். சாயங்காலம் கயல் கூப்பிட்டாள்.

"அத்த, அப்பா எதுங்க?"

"கடைசி வரிசை. வலது ஓரம்."

"பெருசு பண்ணிப் பாத்தேன். கட்டம் கட்டமா இருக்குது. மூக்கு எது, வாயி எதுன்னே தெரியல."

போனைக் காதிலிருந்து எடுத்து நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டங்கள்தான் இருந்தன.

"பரவால்ல அத்த" என்றாள் கடைசியில். "அவ்ளோதான் போல."

மறுநாள் பழமலையிடம் சொன்னேன். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தவன் தலையில் கை வைத்தான். "மெஷ்ஷு இதுல தலகீழா இருக்குதும்மா. எண்ணு கூடுனாதான் எல்லாம் எறங்கும்."

முந்நூறு வைத்தோம். கோப்பு மிகப் பெரிதாகிவிட்டது. கயலுக்கு மட்டும் அனுப்பினோம். "போனு அப்படியே நின்னுபோச்சி அத்த. பழமல மாமாவத் திட்டாதீங்க" என்று அம்மாவின் போனிலிருந்து சொன்னாள்.

அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக அனுப்பலாம் என்றேன். பழமலைக்கு மனம் வரவில்லை. "தனியா பிச்சி அனுப்பவா? எப்பவும் ஓரமா நின்னவன்தானே அவன். இப்பவாவது எல்லாரோடயும் போவட்டும். மத்த படத்தையெல்லாம் எழுபத்திரண்டுல நசுக்கு. இது மட்டும் முந்நூறு."

"கனமா இருக்குறது ஒன் பட்டறை விளம்பரந்தான். நாலு பக்கம் கலர்ல" என்றேன்.

அந்த நாலு பக்கத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். "நசுக்கு. ஃபியூஸ் கேரியர ஜனம் சுவத்துல பாத்துக்கும்."

ஒவ்வொரு படமாகக் குறைத்து முடிக்க அந்தப் பகல் முழுதும் ஆனது. அனுப்புவதற்கு முன் கடைசி வரிசையைப் பெரிதாக்கினோம். காது தெரிந்தது, மேல் பொத்தான் இல்லாத சட்டை தெரிந்தது. விருத்தகிரி கண்களை மூடியிருந்தான். ஃபிளாஷ் அடித்த நேரத்தில் இமைத்திருக்க வேண்டும்.

"இதயா அந்தப் புள்ள பாக்கணும்?" என்றான் பழமலை.

நான் அனுப்பும் பொத்தானைத் தொட்டேன்.

கயல் கூப்பிட வெகுநேரம் ஆனது. கூப்பிட்டபோது அவளுக்குப் பின்னால் அவள் அம்மா சொர்ணாம்பாள் சிரிப்பது கேட்டது.

"அத்த, அப்பா கண்ண மூடிட்டு நிக்கிறாரு. நானும் போட்டோவுல எல்லாம் இப்படித்தான். என் கல்யாண ஆல்பத்துல பாதி கண்ணு மூடித்தான் இருக்குது. இது யாரு பழக்கம்னு அம்மா திட்டும். இப்ப தெரிஞ்சிபோச்சி."

இது மூன்று வருடத்துக்கு முன் நடந்தது. கயல்விழி இப்போது பெண்ணாடத்தில் கணவனோடும் ஒரு மகனோடும் இருக்கிறாள். சொர்ணாம்பாள் சென்ற தை மாதம் இறந்துபோனாள். நல்லமுத்து மஸ்கட்டிலிருந்து திரும்பித் திட்டக்குடியில் வீடு கட்டுகிறான். பழமலையின் பட்டறை ஓடுகிறது. அவனுக்கு முழங்கால் வலி. எனக்குக் கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது. படிக்கிறேன்.