கொசுறாக வந்த கல்

அந்தக் கல்லை அய்யாதுரைதான் வாய்விட்டுக் கேட்டு வாங்கினார். சிந்தாதிரிப்பேட்டையில் வளர்ப்பு மீன் விற்கும் அப்துல் கய்யூம், அவருடைய அடையாறு வீட்டு மீன்தொட்டிக்குக் கடல்தண்ணீர் மாற்ற வந்திருந்தான். அவன் வாளியின் அடியில் கிடந்தது கல்.

"வே பாய், இத்தனை மாசமா வாரேரு. ஒரு கொசுறு உண்டா உம்ம கையில இருந்து? அதை உள்ள போடும்."

"அது வாணாம் அண்ணாச்சி. அழுக்குக் கல்லு. தூக்கிக் கடாசலாம்னு வெச்சிக்கினு கீறேன்."

"நல்லதை எல்லாம் ஒளிச்சு வைக்கப் பாக்கேரு. போடும்ங்கேன்."

ரெங்கநாதன் தெருவில் நாற்பது வருஷம் பாத்திரக்கடை நடத்தியவர் அவர். ஒருவன் எதைத் தர மாட்டேன் என்கிறானோ அதுதான் நல்ல சரக்கு என்று நினைக்கிற ஆள். கல் உள்ளே போயிற்று.

தொட்டி வந்ததே அவர் மனைவி தங்கத்துக்காக. தை மாதம் அவளுக்கு வாதம் வந்து வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது, பேச்சும் நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எதையும் பார்க்காமல் கிடந்தவள், சக்கர நாற்காலியில் வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது வாசல் பக்கம் இருந்த மீன்தொட்டியை மட்டும் திரும்பிப் பார்த்தாள். மனைவி எதைக் கேட்டாலும் ஏன் என்று கேட்கிற அய்யாதுரை, அவள் கேட்காமலே இதை வாங்கினார். கட்டிலுக்கு நேர் எதிரே கூடத்தில் வைத்தார்.

மீனை அவள் பார்க்கவில்லை. உள்ளே உயிருள்ள பவளம் ஒன்று இருந்தது, அதைத்தான் பார்த்தாள். தீவுப் பக்கத்துச் சரக்கு என்றான் கய்யூம். வெளுத்த காம்புகள், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் எட்டு விரல் வைத்த சின்னச் சின்னக் கைகள். அவை நாள் முழுக்க விரியும், மூடும், விரியும். சித்திரையில் ஒரு நாள் காலை, அவை மூடும்போது தங்கத்தின் வலது சுட்டுவிரலும் மடங்கியது. அவை விரிந்தபோது அதுவும் நீண்டது. அய்யாதுரை நம்பவில்லை. மூன்று நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகுதான் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் சாருலதாவிடம் சொன்னார்.

"நல்லது சார். நான் சொன்னா செய்ய மாட்டேங்கறாங்க, அதைப் பார்த்து செய்யறாங்க. விடாம பார்க்கட்டும். வாதம் வந்து ஆறு ஏழு மாசத்துக்குள்ள திரும்பி வர்றதுதான் வரும். அப்புறம் கஷ்டம்."

வைகாசி முடிவதற்குள் மூன்று விரல் மடங்கியது.

ஆனியில், கொசுறுக் கல்லின் மேல் பழுப்பாக நாலு பூ முளைத்தது. அழகாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் பவளத்தின் ஓரக் காம்புகள் விரியாமல் சுருங்கி நின்றன. கய்யூம் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"போச்சு. இது பூ இல்ல அண்ணாச்சி, உசுரு. கடல் சாமந்தியில கேடுகெட்ட ஜாதி. பக்கத்துல இருக்கறதக் கொட்டிக் கொட்டியே சாவடிக்கும். கத்தி மட்டும் வெச்சிடாத. ஒரு துண்டு வுழுந்தா அதுவும் தனியா ஒண்ணா முளைச்சிடும்."

"பெறகு?"

"வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பக் கரைச்சி, ஊசியில இழுத்து, அது வாயில ஒரு சொட்டு வுடு. ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மட்டும். அதுக்கு மேல வாணாம், தண்ணி கெட்டுடும். பொறுமையாப் பண்ணு."

பொறுமை என்று பேச்சை ஆரம்பிக்கிறவன் கடைசியில் எதையோ தலையில் கட்டுவான் என்று அய்யாதுரைக்குத் தோன்றியது. அவன் போனதும் காய் நறுக்கும் கத்தியை எடுத்தார். நாலையும் கல்லை ஒட்டிச் சீவினார். துண்டுகள் ஜவ்வு ஜவ்வாகத் தண்ணீரில் சுற்றிப் போயின. தங்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முடிஞ்சது சனியன்," என்றார் அவளிடம்.

பதினைந்தாம் நாள் பழுப்புப் பூக்களை எண்ணினார். முப்பத்தேழு. பவளத்தின் அடியிலேயே ஒன்பது இருந்தன. பாதிக் காம்புகள் விரியவில்லை. தங்கத்துக்கு ஒரே விரல்தான் மடங்கியது, அதுவும் எப்போதாவது.

"இந்த மாசத்தோட ஏழு ஆகுது சார்," என்றாள் சாருலதா.

ஒரு நாளைக்கு இரண்டு என்றால் முப்பத்தேழுக்கும் பத்தொன்பது நாள். அதற்குள் அவை எத்தனை போடும்? பெட்டிக்கடையில் சுண்ணாம்பு வாங்கி வந்தார். கெட்டியாகக் கரைத்து, தங்கத்துக்குப் போட்டு மீந்திருந்த ஊசியில் இழுத்தார். காலை ஒன்பது மணிக்குத் தொட்டிக்குள் கையை விட்டவர் பதினொன்றுக்குத்தான் எடுத்தார். முப்பத்தேழுக்கும் கொடுத்தார். ஊசியைக் கண்டதும் சில கல்லின் பொந்துக்குள் இழுத்துக்கொண்டன. பொந்துக்குள்ளும் விட்டார். தண்ணீர் கஞ்சி போல வெளுத்தது.

பகல் இரண்டு மணிக்குத் தெளிந்தபோது இரண்டு மீனும் மல்லாந்து மிதந்தன. பவளத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் கஞ்சி ஆடை மாதிரி ஒன்று கல்லில் ஒட்டிக்கொண்டு, தொட்டால் கரைந்தது. பொந்துகளிலிருந்து பழுப்புப் பூக்கள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின.

மறுநாள் காலை தகவல் போய், கொட்டிவாக்கம் கடலில் மொண்ட தண்ணீரை இரண்டு கேனில் தூக்கிக்கொண்டு கய்யூம் வந்தான். கண்ணாடியருகே குனிந்து பார்த்தான்.

"எத்தினி குடுத்த?"

"எல்லாத்துக்கும்."

கய்யூம் தூக்கி வந்த கேனைக் கீழே வைத்தான். திட்டியிருந்தால் அய்யாதுரைக்குப் பதில் சொல்ல வாய் இருந்திருக்கும்.

"வேற ஒண்ணு கொண்டாரும். எவ்வளவானாலும் சரி."

"காத்து அடிக்கிற சீசன் அண்ணாச்சி, படகு போவாது. ஐப்பசிக்கு முன்னால வராது. வந்தாலும் இதுங்க வுடாது. கல்லு மொத்தத்தையும் எடுத்து வேக வெச்சி, தொட்டியக் காய வெச்சி, முதல்லேர்ந்து பண்ணணும்."

"ஐப்பசின்னா பத்து மாசம் ஆயிரும்."

எதற்குப் பத்து மாசம் என்று கய்யூமுக்குத் தெரியும். அவன் கட்டில் பக்கம் பார்க்காமல் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

தங்கம் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பழுப்புப் பூக்கள் விரிந்தபடியே நின்றன. அவை மூடவில்லை. அய்யாதுரை எழுந்து போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தன் வலது கையை அவளுக்கு நேரே நீட்டினார். விரல்களை விரித்தார், மூடினார், விரித்தார். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, அது மறைத்த இடத்தைப் பார்க்கத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டாள்.

"தண்ணிய ஊத்தட்டுமா, வாணாமா?" என்றான் கய்யூம்.

அய்யாதுரை கையை விரித்து மூடிக்கொண்டே இருந்தார்.