ஆந்தைப் பக்கம்

ஆபீசில் அவனுக்கு 'ஆயிடும்' என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. யார் என்ன கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் "ஆயிடும்" என்று சொல்லிவிடுவான். முயல் கண் சிமிட்டணும். ஆயிடும். ஆற்றைத் தொட்டால் தண்ணீர் சத்தத்தோடு தெறிக்கணும். ஆயிடும். எல்லா வகைப் போனிலும் ஓடணும். இதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் தெம்பு வரும். "அதுக்குத்தானே சார் இந்த டூல்!"

அந்த டூல் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. படம், குரல், அசைவு எல்லாவற்றையும் அதில் கோத்துவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். சந்தையில் இருக்கும் இரண்டு வகைப் போனுக்கும் தனித்தனியாக ஆப் செய்து கையில் கொடுத்துவிடும்.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முதலாளி, படம் வரையும் படக்காரி, இவன், மூன்று மேஜை, ஓயாமல் இரையும் ஒரு ஏ.சி. குழந்தைகளுக்குக் கதை சொல்லும் ஆப்தான் இவர்களுடைய முதல் சொந்தச் சரக்கு. குரல் கொடுக்க வந்த தொழில்முறை ஆள் ரயில் புறப்பாடு அறிவிப்பதுபோல் கதை சொன்னார். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என் வீட்ல ஒருத்தி இருக்கா சார். கஸ்டமர் கேர்ல வேலை. நாள் முழுக்க யார் யாரோ திட்டுறதைக் கேட்டுட்டு, குரல் மாறாம 'மன்னிக்கவும்'னு சொல்லுவா."

"குழந்தைங்களுக்குச் சரியா வருமா?"

"ஆயிடும் சார்."

ஆகத்தான் செய்தது. எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவன் மனைவி பதிந்த கதையைக் கேட்ட படக்காரி, "உங்க வீட்டுக்காரம்மா குரல்ல முயலே தூங்கிடும் போல" என்றாள்.

அந்தக் குரலை எல்லாரையும்விட அதிகமாக எதிர்பார்த்துக் காத்திருந்தவள் அவனுடைய அம்மா.

அம்மா வேறு ஊரில், அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணனுக்கு மாற்றல் வந்திருந்தது. குடும்பத்தோடு போகிறான், போகிற ஊரில் கிடைத்த வீடு சின்னது. "நான் யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்" என்று அம்மா ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டே வந்துவிட்டாள். ஜன்னலோரக் கட்டில்கூடப் பேசியாகிவிட்டது. இவன் கூப்பிட்டபோது, "நீ கூப்பிடுவேடா. வீட்டை நடத்துறவ கூப்பிடணும்ல" என்று வாயை அடைத்தாள்.

மனைவிக்கு முதலில் மலைப்புதான். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, நின்றால் முழங்கை இடிக்கும் சமையலறை. இதில் எங்கே? முணுமுணுத்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் என்ன தோன்றியதோ, ஒருநாள் அவளாகவே போனை எடுத்தாள். "அத்தை, அந்த ஜன்னலோரக் கட்டிலை வேற யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்க. நம்ம வீட்லயும் ஜன்னல் இருக்கு." அம்மா மறுமுனையில் ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சினாளாம். வருகிற சனிக்கிழமை அண்ணன் காரில் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. கதை பதிந்த அலமாரியில் பாதியைக் காலி செய்து, தட்டுகளில் புதுத் தாள் விரித்து வைத்திருந்தாள் மனைவி.

ஆப் வெளியான மறுநாள் அவன் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். காலையில் படக்காரி கூப்பிட்டாள். பேச முடியாமல் சிரித்தாள்.

"ஆயிடும், ஆப் ஸ்டோர்ல ஒருத்தர் கமெண்ட் போட்டிருக்கார். படிக்கிறேன் கேளுங்க. 'கதை அருமை. குரல் அதைவிட அருமை. ஒரே ஒரு சந்தேகம், ஆந்தைக்கு மாமியார் மேல என்ன கோபம்?' நீங்க ஏதாவது புதுசா சேர்த்தீங்களா?"

அவன் லேப்டாப்பை இழுத்து ஆந்தைப் பக்கத்தைத் திறந்தான்.

டூலுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு பக்கத்தில் குரல் இல்லாமல் காலியாக விட்டால் ஆப்பைக் கட்டித் தராது. நிஜக் குரல் வரும்வரை எல்லாப் பக்கத்திலும் ஏதாவது ஒரு சோதனைக் குரலைப் போட்டு நிரப்பி வைப்பார்கள். அவன் போட்டு வைத்தது, புது மைக்கை வீட்டில் முதல்முறை மாட்டிய அன்று, "எதையாவது பேசு, மைக் வேலை செய்யுதான்னு பார்க்கணும்" என்று மனைவியிடம் நீட்டியபோது பதிந்தது. அது அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த காலம். அன்றைக்கு மனசில் இருந்ததைப் பேசிவிட்டாள்.

பிறகு ஒவ்வொரு பக்கமாக நிஜக் குரலை மாற்றினான். ஆந்தைப் பக்கத்தில் மட்டும் அவள் இருமியிருந்ததால், மறுபடி பதிந்து கடைசியாகப் போட்டான். போடும்போது 'இரண்டு வகைப் போனுக்கும்' என்ற கட்டத்தில் டிக் அடிக்க மறந்திருக்கிறான். ஒரு வகைப் போனில் ஆந்தை கதை சொன்னது. இன்னொரு வகையில் பழைய சோதனைக் குரலே நின்றுவிட்டது.

சோதித்துப் பார்க்கவில்லையா? பார்த்தான். ஆபீசில் எல்லாரிடமும் ஒரே வகைப் போன். மற்ற வகையில் ஒன்றே ஒன்று, இழுப்பறையில் கிடந்தது. அதன் ஸ்பீக்கர் செத்துப் பல காலம். அதில் முயல் ஓடியது, ஆறு அசைந்தது, ஆந்தை அலகைத் திறந்து திறந்து மூடியது. "அலகு அசையுதுல்ல? சத்தம் வந்துடும்" என்று இவனே சொல்லி, இவனே தலையாட்டிக்கொண்டான்.

அம்மாவிடம் இருப்பது அந்த இன்னொரு வகை.

டிக் அடித்தான். பொத்தானை அமுக்கினான். திருத்திய ஆப்பை ஸ்டோருக்கு அனுப்பினான். திரையில் ஒரு வரி வந்தது: பரிசீலனைக்குக் காத்திருக்கிறது.

அவசரம் என்று எழுதினான். கிடைத்தது, நன்றி என்று ஒரு இயந்திரப் பதில் வந்தது. போய் நிற்க ஒரு வாசல் இல்லை, கெஞ்ச ஒரு முகம் இல்லை. முதலாளியைக் கூப்பிட்டு, பழைய ஆப்பை ஸ்டோரிலிருந்து எடுத்துவிடச் சொன்னான்.

"எடுத்துடலாம்யா. ஏற்கெனவே போன்ல ஏத்திக்கிட்டவங்ககிட்ட இருந்து எப்படிப் பிடுங்குறது?"

அம்மாவைக் கூப்பிட்டான். மணி அடித்து நின்றது. மறுபடி அடித்தான். இந்த முறை யாரோ வெட்டிவிட்டார்கள். மூன்றாம் முறையும் வெட்டு. அடுத்த நிமிடம் அண்ணன் வீட்டுக் கம்பி போனிலிருந்து அம்மாவே கூப்பிட்டாள்.

"ஏன்டா, கதை கேட்கலாம்னு உக்காந்தா நீ குறுக்க குறுக்கக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கே? உன் போன் வந்தா கதை நின்னு போவுதுடா. அதான் இதுல கூப்பிட்டேன்."

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. அந்த ஆப்ல ஒரு தப்பு..."

"தப்பாவது ஒண்ணாவது! என் மருமக குரல் தேனு. அண்ணி, பக்கத்து வீட்டம்மா, உன் அண்ணன் பொண்ணு எல்லாம் சுத்தி உக்காந்திருக்கோம். முயல் முடிஞ்சுது. ஆறு வந்திருக்கு. இரு, நீயும் கேளு."

"அம்மா, வேணாம். அதை மூடிடு. அம்மா!"

ரிசீவரை அவள் தன் போன் பக்கத்தில் மேஜைமேல் வைத்துவிட்டாள். அவன் கத்துவது அங்கே கட்டைக்கும் தூசிக்கும்தான் கேட்கும். அங்கிருப்பது இவனுக்குத் துல்லியமாகக் கேட்டது. ஆறு சலசலத்தது. தொட்டால் தெறிக்கும் தண்ணீர்ச் சத்தத்தை அண்ணன் மகள் தொட்டுத் தொட்டுத் தெறிக்கவிட்டாள். அவனே பொறுக்கிச் சேர்த்த சத்தம்.

சத்தம் கேட்டு மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "என்னங்க, யாரைப் பார்த்து இப்படிக் கத்துறீங்க?"

அவன் ஸ்பீக்கரில் போட்டான். ஒரே மூச்சில் சொன்னான்.

"அன்னிக்கு மைக்குக்காகப் பேசினதா? அதை நீங்க அழிக்கவே இல்லையா?"

"உன் போன்ல இருந்து அம்மா போனுக்கு அடி. கதை நிக்கும். சீக்கிரம்!"

அவள் ஓடி, சார்ஜில் கிடந்த போனைப் பிடுங்கி அடித்தாள். அந்த முனையில் மணி கேட்டது. ஆறு நின்றது.

"பாட்டி, சித்தி கூப்பிடுறாங்க."

"அப்புறம் பேசிக்கலாம்டி. அவளையேதானே கேட்டுக்கிட்டு இருக்கோம்! வெட்டிட்டு அடுத்த பக்கம் தள்ளு."

தாள் புரளும் சத்தம். அதுவும் அவன் வைத்ததுதான்.

"மைக் டெஸ்ட், மைக் டெஸ்ட்" என்றது ஆந்தை. "என்னத்தைப் பேசுறது? உங்கம்மா வரப்போறாங்களாம். வரட்டும், வரட்டும். இந்த வீட்ல எங்கே படுக்க வைக்கிறது, ஃபிரிட்ஜ் மேலயா? உங்கண்ணன் நைசா கழட்டி விடுறாரு, நீங்க பூம் பூம்னு தலையாட்டுங்க. அள்ளிப் போட நான் ஒருத்தி இருக்கேன்ல. போதுமா? பதிஞ்சுதா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தான். முடியவில்லை. அவனுக்கு மறந்தேபோயிருந்த ஒன்று அதற்குப் பின்னால் இருந்தது. ஓர் ஆண் குரல் வயிறு குலுங்கச் சிரித்தது.

"ஃபிரிட்ஜ் மேலயா? பாவம்டி, ஃபிரிட்ஜ் தாங்காது!"

அது ஆந்தையில்லை. அவன்தான்.

அந்த முனையில் அண்ணியின் சிரிப்பாக இருக்கலாம், ஏதோ ஒன்று பாதியில் இருமலாக மாறியது. பக்கத்து வீட்டம்மா அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்தாள். நாற்காலி இழுபட்டது. அப்புறம் ரிசீவர் உரசும் சத்தம்.

"ஹலோ" என்றாள் அம்மா.

"அத்தை" என்று மனைவி பாய்ந்தாள். "அத்தை, அது எப்பவோ விளையாட்டா... சும்மா மைக்குக்காக... நான்தானே உங்களை வாங்கன்னு..." நாள் முழுக்க அந்நியர்களிடம் தடுமாறாமல் மன்னிப்புக் கேட்கும் குரல், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் முட்டி நின்றது.

"எதுக்கும்மா அழுவுறே? நல்லாத்தான் பேசியிருக்கே. ஒரு வார்த்தை தடுக்கல" என்றாள் அம்மா. கேலியாக இல்லை, கோபமாகவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவன் இருக்கானா?"

"இருக்கேம்மா."

"உன் சிரிப்பு நல்லாக் கேட்டுச்சுப்பா. நீ அப்படிச் சிரிச்சு நான் கேட்டு எவ்ளோ நாளாச்சு."

"அம்மா, நான்..."

"வைக்கிறேன். துணி ஊறுது."

மதியம் முழுக்க அவன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பரிசீலனைக்குக் காத்திருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் விசையை அமுக்கி அமுக்கிப் பக்கத்தைப் புதுப்பித்தான். மனைவி அலமாரியின் காலித் தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். நேரில் போய்க் காலில் விழலாம் என்றாள். விழுந்து என்ன சொல்வது என்றும் அவளே கேட்டாள். அண்ணனிடமிருந்து ஒரு வரி வந்தது: 'என்னடா பண்ணி வெச்சிருக்கே?' பண்ணி வைத்ததை ஒரு வரியில் எழுத அவனுக்கும் தெரியவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் அனுமதி கிடைத்தது. 'வாழ்த்துகள், உங்கள் செயலி வெளியிடப்பட்டது.'

மறுநாள் காலையில் அம்மா கூப்பிட்டாள். குரல் தெளிவாக இருந்தது.

"ஏன்டா, ராத்திரியோட ராத்திரியா எங்க ஆந்தையை மாத்திட்டியா? இப்ப அது நெலாவைப் பத்தி என்னமோ சொல்லுது. உன் அண்ணன் பொண்ணு ஒரே அழுகை. முன்னாடி பேசின ஆந்தைதான் வேணுமாம். அதுதான் நெஜ ஆந்தை மாதிரி பேசுச்சாம்." அம்மா லேசாகச் சிரித்தாள். "இல்லடி, இதுதான் சரியான ஆந்தைன்னு சொல்லியிருக்கேன்."

அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "ஆமாம்மா. எல்லாம் சரி பண்ணிட்டேன். சனிக்கிழமை நீ எப்போ..."

"சனிக்கிழமை அண்ணன் என்னை அந்த முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விடுறேன்னான். அந்த ஜன்னலோரக் கட்டிலை இன்னும் யாருக்கும் கொடுக்கலையாம்."

"அம்மா!"

"கோவமெல்லாம் இல்லப்பா. உங்க ரெண்டு பேர் மேலயும் இல்ல. அவகிட்டச் சொல்லு, தெனமும் கதை கேட்பேன்னு. அங்கயும் கேட்க ஆளுங்க இருப்பாங்க."

போனை வைத்த பிறகும் அவன் அதைக் காதோடு பிடித்துக்கொண்டு நின்றான். கதவருகில் நின்ற மனைவி கேட்டாள்.

"அத்தை போன்ல மாறிடுச்சா?"

"மாறிடுச்சு."

"எல்லார் போன்லயுமா?"

"எல்லார் போன்லயும்."

"சரியாயிடுமாங்க?"

வாழ்நாளெல்லாம் யோசிக்காமல் சொல்லி வந்த அந்த ஒரு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அவன் வாயைத் திறந்தான், மூடினான். சத்தம் வரவில்லை.