எழுந்திருக்கக் கூடாத அழகி

1

இந்தக் கதை மேசையில் பிறக்கவில்லை. தங்கச் சாயம் பூசிய ஒரு நாற்காலியைத் தூக்கியபோது தோள்வழியாக ஏறியது. சுமை தூக்கும் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நாற்பது வயதுக்கு மேல்தான் வாய்த்தது. அதனால் வாக்கியத்தையும் மூட்டை மாதிரிதான் எடுப்பேன், கனத்தால் இறக்கிவிடுவேன்.

அழகு என்பது உண்மையில்...

(இறக்கியாயிற்று.)

2

ஒரே நாடு, இரண்டு நாட்டழகிப் போட்டிகள். அக்கா நடத்துவது மாடி அரங்கில். அவரோடு முறைத்துக்கொண்டு தங்கை தொடங்கியது கீழ் அரங்கில். ஒரே கட்டடம், ஒரே மாலை. "அவ நடத்துறது அசல்னா, நான் நடத்துறது என்ன நகலா?" என்பது தங்கையின் கேள்வி.

சிம்மாசனம் மட்டும் ஒன்றுதான். எங்கள் சுமைக்கூலி மேஸ்திரி, யார் கேட்டாலும் தலையாட்டுகிறவர், இருவருக்கும் அதையே வாக்குக் கொடுத்துவிட்டார். மேலே முடிசூட்டியதும் சரக்கு லிப்டில் கீழே இறக்கிவிடலாம் என்பது அவர் திட்டம்.

[மேஸ்திரியை முதலில் யோக்கியராக எழுதினேன். கதை நகரவே இல்லை.]

3

மேலே முடிசூட்டியாயிற்று. அக்கா கேமராக்களுக்குப் பேட்டி கொடுக்கப் போனார். மேஸ்திரி எங்கள் மூவரோடு மேடையேறினார். புது அழகி எழவில்லை.

"அம்மாடி, கொஞ்சம் எழுந்திரு. நாற்காலி கீழ போகணும்."

"கீழ போட்டி முடியற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாதாம்ணே. எழுந்தா கிரீடத்தைப் பிடுங்கிடுவேன்னு மேடம் சொல்லிட்டாங்க."

"இது போகலேன்னா தங்கச்சியம்மா எங்களை இனி வாசல்லயே விட மாட்டாங்க. வருஷம் பூரா அவங்க வேலைதாம்மா எங்களுக்குச் சோறு."

அவள் குதிகால் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுந்திரிக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? தூக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "பிடிங்கடா!"

"சாய்க்காதீங்கண்ணே, கிரீடம் ரெண்டு ஊசியிலதான் நிக்குது."

4

லிப்ட் இறங்குகிறது.

முடிவு ஒன்று: தங்கை இவள் தலையிலேயே இரண்டாவது கிரீடத்தையும் வைத்துவிடுகிறார். (அப்படியானால் கீழே ஜெயித்த பெண் என்ன பாவம் செய்தாள்?)

முடிவு இரண்டு: இரு அழகிகளும் ஆளுக்குப் பாதி உட்கார, அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு...

(இறக்கியாயிற்று. கனமில்லை, வெறும் பஞ்சு.)

கதவு திறக்கிறது. எதிரே கீழ் அரங்கின் அழகி, நின்றபடி.

"ஏங்க, அது என் சீட்டு."

நாற்காலியில் இருப்பவள் மேஸ்திரியைப் பார்க்கிறாள். மேஸ்திரி என்னைப் பார்க்கிறார். எனக்குத் தோள் இற்றுவிட்டது. கொஞ்சம் இந்த மூலையைப் பிடியுங்கள்.

எங்கே இறக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.