பார்க்காத இரண்டு சீட்டு

தையல் கடையில் மதியச் சாப்பாடு முடிந்தால் போக்கர் சீட்டாட்டம்தான். பந்தயம் சட்டைப் பொத்தான்கள். எதிராளியின் சீட்டைப் பார்க்காவிட்டால் கட்டிங் மாஸ்டருக்குத் தலை வெடித்துவிடும். எதிராளி வைத்த அளவுக்குப் பொத்தான் போட்டால்தான் பார்க்க முடியும்; பார்ப்பதற்காகவே போட்டுத் தோற்பார். கடையை நிரந்தரமாக மூடிய நாளின் கடைசி ஆட்டத்தில், கூட வேலை பார்த்த அவர் மச்சான் மொத்தப் பொத்தானையும் தள்ளினான். மோசமான சீட்டோடு அவன் அப்படித் தள்ளுகிறவனில்லை என்று யோசித்து, முதன்முறையாக மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, பார்க்காமலே தோல்வியை ஒப்புக்கொண்டு சீட்டைக் கவிழ்த்தார். மச்சான் தன் இரண்டு சீட்டையும் காட்டாமலே கட்டோடு கலந்துவிட்டான்.

இருபது வருடமாக ஞாயிறுதோறும் போனில் மாஸ்டரிடமிருந்து அதே கேள்வி. "அன்னிக்கு உன் கையில என்னடா இருந்துச்சு?"

"பாக்கணும்னா அன்னிக்கே பொத்தானப் போட்டிருக்கணும்."

இந்த ஞாயிறு மச்சானின் குரல் தளர்ந்திருந்தது. "உடம்பு முடியல. இன்னிக்குச் சொல்லிடட்டுமா?"

சரி என்ற சொல் மாஸ்டரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வேணாம்டா. அடுத்த வாரம் கேட்டுக்கறேன்."